ராதர் இல்லாத ரிப்போட்டு

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி ஆகிவிட்டால் தரணிதரனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தேயிலை ஃபெக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டிகளை எல்லாம் தாண்டிப் போனால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தால்தான் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கும். ஸ்டோரில் தேயிலை செய்யும் பொறுப்பில் இருக்கும் டீமேக்கர் ஐயா ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டு நிற்பதைக் கீழே லொறியிலிருந்து கொழுந்துச் சாக்கு இறக்குகிறவர்கள் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, சாக்கை இறக்கினால் அவர்கள் வேலை முடிந்தது.

அவன் காத்திருப்பது கொழும்பிலிருந்து வரும் ரிப்போட்டுக்கு. தோட்டத்துத் தேயிலையை ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் கொம்பனியில் ருசி பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் இந்தத் தேயிலையை ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, இரண்டு வரி ஆங்கிலம் எழுதி அனுப்புவார். அவருக்கு ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்காக இங்கே ஒரு மனுசன் ஏழு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

தரணிதரன் இன்னும் முழு டீமேக்கர் இல்லை. டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உதவியாளாக இருந்தவனை, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் இந்த ஸ்டோருக்குப் பதில் டீமேக்கராகக் கூட்டி வந்தார்கள். ஆறு மாதத்துக்குள் பதவி உறுதியானால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். டீமேக்கருக்கென்று தனி வீடு இருந்தது. மூன்று அறை, முன்னால் பூச்செடி வைக்க இடம். மனைவி ஜெயந்தினி ஆங்கில டீச்சர். யார் யார் காலையோ பிடித்து இங்கே பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் வாங்கியிருந்தாள். மகள் தர்ஷனாவுக்கு ஹட்டனில் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருந்தது. இத்தனையும் அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் வந்த ஐந்தாம் மாதத்து முதல் வெள்ளியில் வந்த ரிப்போட்டில் இப்படி இருந்தது: சாயம் ராதர் தின், ஃபேர்லி பிரைட். தரணிதரனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் இந்த ராதரும் ஃபேர்லியும் அவனுக்கு ஒரே ரகம்தான். இரண்டுக்கும் பொருள் 'கொஞ்சம்' என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்து, அது அப்படியே தங்கிவிட்டது. கொஞ்சம் மெலிசு, கொஞ்சம் பளிச். சரி, இதிலும் கொஞ்சம், அதிலும் கொஞ்சம், பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மனேஜரான பெரிய தொரையிடம் போனான்.

பெரிய தொரை காலி நகரத்திலிருந்து வந்த சிங்களவர். அதிகம் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் கோபம் என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்: "தரணி, எனக்கு இந்த ராதர் வேண்டாம். ராதர் இல்லாத ஒரு ரிப்போட் கொண்டு வா. அன்றைக்கே உன் பதவி உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்."

வெளியே வந்தவன் ரிப்போட்டை மறுபடி பிரித்துப் பார்த்தான். ஃபேர்லியைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராதரில் மட்டும் அப்படி என்ன குடிமுழுகிப் போயிற்று?

வீட்டில் ஜெயந்தினி கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். ரிப்போட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, ரெண்டும் ஒண்ணுன்னா நெனச்சீங்க?"

"ரெண்டும் கொஞ்சம்தானே?"

"அளவு ஒண்ணுதாங்க. சொல்றவன் மூஞ்சிதான் வேற. பந்தியில ஒக்காந்து ஒருத்தரு, 'பரவால்ல, உப்பு ஓரளவு இருக்கு'ங்கிறாரு. பக்கத்துல உள்ளவரு, 'உப்பு கொஞ்சம் இருக்குது'ன்னு இழுக்கிறாரு. அதே சாம்பாருதான். இவரு இன்னொரு கரண்டி கேப்பாரு, அவரு எலைய மூடிட்டு எழும்பிருவாரு. மொத ஆளு ஃபேர்லி, ரெண்டாவது ஆளு ராதர்."

"அப்ப ராதர் தின்னுன்னா..."

"வாயில வச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சிருக்காருன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து தரணிதரனைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது அந்தச் சுளித்த முகம். கொழும்புக்காரரை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சோற்றில் கை வைத்தால் அந்த முகம், குளிக்கப் போனால் அந்த முகம். மெலிசாமே, மெலிசு! கொழுந்து நல்ல கொழுந்து, ரோலர் நல்ல ரோலர், அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த மெலிசு?

ரிப்போட்டின் கீழே ஒரு கட்டம் இருந்தது. 'எடுத்த நடவடிக்கை' என்று தலைப்பு. திங்கட்கிழமைக்குள் அதை நிரப்பிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறுமனே விட்டால் அங்கிருந்து ஒரு பெண் ஃபோன் எடுத்து, "கட்டம் காலியா இருக்கே?" என்று கேட்பாள். 'கவனித்து வருகிறோம்' என்று எழுதினாலும் விடமாட்டாள். கவனிப்பது நடவடிக்கை ஆகாதாம். ஏதாவது செய்தே ஆக வேண்டும், செய்ததை எழுதியே ஆக வேண்டும்.

முன்னால் இருந்த டீமேக்கர் இதற்கொரு சுலப வழி வைத்திருந்தார். ரிப்போட்டு மோசமானால் 'பதமேறும் அறை ஆளை மாற்றியாயிற்று' என்று எழுதிவிடுவார். அந்த அறையில்தான் உருட்டி நொறுக்கிய கொழுந்தைப் பரப்பி, பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும்வரை கிடக்க விடுவார்கள். குறைத்து எடுத்தால் சாயம் மெலியும், கூடிப்போனால் மங்கி, சவசவ என்று ஆகிவிடும். ஆகவே எந்தக் குறைக்கும் அந்த அறையில் நிற்பவரைக் கை காட்டலாம். இரண்டு பெண்கள் அப்படி ஸ்டோரிலிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள். மூன்றாவதாக வந்தவள் லெட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவள். கொழுந்து சுமக்கக் கூடாது என்று டாக்குத்தர் எழுதிக்கொடுத்திருந்தார். இந்த வேலையை விட்டால் அவளுக்குத் தோட்டத்தில் வேறு வேலை இல்லை.

தரணிதரனுக்கு அவள்மேல் கை காட்ட மனம் வரவில்லை. அவன் வேறு நடவடிக்கை எடுத்தான். இதுவரை இரண்டு மணி நேரம் கிடந்த கொழுந்தைப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கிடக்க விடச் சொன்னான். கட்டத்தில் எழுதினான். மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்த வெள்ளி வந்தது. ஜன்னல், நீட்டிய கை, ரிப்போட்டு. ராதர் தின்.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். கொழும்பில் இன்றைக்கு ருசி பார்க்கிற தேயிலை இன்றைக்குச் செய்ததல்ல. உலர்த்தி, சலித்து, சாக்கில் கட்டி, லொறி ஏறி, ஏலப் பட்டியலில் சேர்ந்து அவர் வாய்க்குப் போவதற்குள் மூன்று கிழமை ஓடிவிடும். ஆக அந்த இரண்டாவது ராதரும் அவன் கை வைப்பதற்கு முந்திய தேயிலைக்குக் கிடைத்த ராதர்தான். இது தரணிதரனுக்குத் தெரியாதா? பதினெட்டு வருசம் தேயிலை ஸ்டோர்களில் கிடந்தவன், நன்றாகத் தெரியும். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கட்டம் வேறு வாயைத் திறந்துகொண்டு நின்றது. இன்னும் பதினைந்து நிமிடம் கூட்டினான்.

மூன்றாவது வெள்ளியும் ராதர் தின்தான். மறுபடி பதினைந்து.

அன்று பின்னேரம் லெட்சுமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்னம்மா?"

"பச்ச வாசம் போயி ஆப்பிள் பழம் மாரி ஒரு வாசம் வருமுங்க, அப்ப எடுத்தாத்தான் சரி. இப்ப அந்த வாசம் வந்து போயே ரொம்ப நேரம் ஆகுதுங்க. நாங்க சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

"கொழும்புல மெலிசுங்கிறாங்க லெட்சுமி."

"அது எனக்குத் தெரியாதுங்க. வாசம் போயிருச்சுங்க."

"நீ போர்டுல எழுதியிருக்க நேரத்தப் பாரு, போதும்."

அவள் போய்விட்டாள். அவளிடம் கடுமையாகப் பேசிவிட்டோமே என்று அவனுக்கு ஒரு கணம் வருத்தம் வந்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. ரோலரைப் பார்க்க வேண்டும், ட்ரையர் சூட்டைப் பார்க்க வேண்டும். அவனும் தினம் தினம் கோப்பையில் ஊற்றிக் குடித்துத்தான் பார்த்தான். மெலிசு, மெலிசு என்று கேட்டுக்கேட்டு நாக்கு தடிப்பை மட்டும் தேடியது. சாயம் கறுத்துத் தடிப்பாக இறங்கினால் உள்ளம் குளிர்ந்தது. அந்தத் தடிப்புக்குள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்த நாக்குக்குப் பொறுமை ஏது?

நான்காவது வெள்ளி, பதினொரு மணிக்கு முன்பே ஜன்னலில் போய் நின்றுவிட்டான். ரிப்போட்டு இறங்கியது. ஒரு முறை படித்தான். ராதரைத் தேடி இன்னொரு முறை படித்தான். இல்லை! ஃபேர்லி குட் ஸ்ட்ரெங்த், ஃபேர்லி பிரைட். இரண்டு ஃபேர்லி, ஒரு ராதரும் இல்லை. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினான். ட்ரையரில் நின்ற நல்லமுத்துவின் முதுகில் ஓங்கித் தட்டினான். அந்த மனுசன் என்னமோ ஏதோவென்று பதறிப்போனான். மறுபடி மேலே ஏறிப் போய் ஜெயந்தினிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னான். அவள் பாடசாலை விறாந்தையிலேயே அழுதுவிட்டாள்.

"அப்ப முன்னுக்கு ரோசாக் கன்னு வச்சிரலாங்களா?"

"வச்சிரு. நாலு வையி."

பெரிய தொரையும் ரிப்போட்டைப் பார்த்துவிட்டார் போலும். ஆபீஸ் கிளார்க் பிரதாப் ஆள் அனுப்பியிருந்தான்: மூன்று மணிக்கு வரவும், கடிதம் தயார்.

சாப்பிட்டுவிட்டு வந்த தரணிதரன், கட்டத்தில் என்ன எழுதுவது என்று பார்ப்பதற்காக அந்தத் தேயிலை எந்த நாளில் செய்தது என்று கொப்பியைப் புரட்டினான். நல்ல ரிப்போட்டுக்கும் கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும். இதே முறையைத் தொடர்கிறோம் என்று எழுதிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

தேதியைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அது முதல் பதினைந்து நிமிடம் கூட்டிய கிழமையில் செய்த தேயிலை. அதாவது, வேண்டியது அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும்தான். அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கு மேல் அவன் கூட்டிய அரை மணி நேரம் ஒன்றுக்கும் வேண்டாதது. சரியாகிப்போனதை, சரியாகவில்லை என்று நினைத்து இரண்டு கிழமையாக அவனே கெடுத்துக்கொண்டிருந்தான்.

எழுந்து பதமேறும் அறைக்குப் போனான். கிடந்த கொழுந்தை ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தான். பழ வாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரச் சாக்கு மணத்தது. லெட்சுமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உடனே எடு, எல்லாத்தையும் ட்ரையருக்கு அனுப்பு. இனிமே ரெண்டே கால் மணி நேரந்தான்," என்றான். போர்டில் இருந்த நேரத்தை அழித்து எழுதினான்.

ஆனால் அழிக்க முடியாதவை இருந்தன. அரை மணி கூட்டிச் செய்தது ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது. முக்கால் மணி கூட்டிச் செய்தது சாக்கில் கட்டிக் கீழே அடுக்கியிருந்தது; நாளைக் காலை லொறி ஏறும். அடுத்த வெள்ளி ஒரு ராதர் வரும், அதற்கடுத்த வெள்ளி அதைவிடப் பெரிய ராதர் வரும். இம்முறை மெலிசு என்று இருக்காது. மங்கல், சவசவ என்று இருக்கும்.

மணி இரண்டே முக்கால். ஆபீசுக்கு ஏறும் குறுக்குப் பாதையில் அவன் மூன்று தரம் நின்றான். ஒரு சத்தமும் போடாமல் போய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டால் என்ன? தொரை கேட்டது ராதர் இல்லாத ஒரு ரிப்போட்டு. ஒன்று கொண்டுவந்தாயிற்று. இதில் பொய் எங்கே இருக்கிறது? கையெழுத்து விழுந்தபிறகு எந்த ராதர் வந்தால் என்ன, உறுதியான ஆளை ஒரு ரிப்போட்டுக்காகத் தூக்கிவிட முடியாது.

அப்போது கட்டம் ஞாபகம் வந்தது. அடுத்த வெள்ளி அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'நானே கெடுத்தேன்' என்று உறுதியான எந்த டீமேக்கர் எழுதுவான்? எழுதுவதற்குப் பழைய டீமேக்கரின் சுலபமான வரி தயாராக இருந்தது. அந்த வரி தன் மனசுக்குள் தானாகவே எழுந்து நிற்பதைக் கண்டு தரணிதரனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாசம் போயிருச்சு என்று சொன்னவளையே, வாசம் போனதற்காக மலைக்கு அனுப்புவதா?

பெரிய தொரை சிரித்த முகமாக இருந்தார். மேசையில் கடிதம், பக்கத்தில் மூடி திறந்த பேனா.

"உட்கார் தரணி. சொன்னேனே, ராதர் போய்விட்டது பார்."

"போகல சார். திரும்பி வருது."

தொரை நிமிர்ந்தார். தரணிதரன் உட்காராமலே சொன்னான். பதினைந்து நிமிடம் சரியாக இருந்ததையும், அதற்கு மேல் அரை மணி நேரம் தான் கூட்டியதையும், நாளைக்குப் போகிற லொறியையும், எல்லாவற்றையும் தெரிந்த சிங்களத்தில் கொட்டித் தீர்த்தான். லொறியில் அந்தச் சாக்குகளை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். தொரை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எவ்வளவு மோசம்?"

தரணிதரனுக்கு வாய்வரை ஃபேர்லிதான் வந்தது. அது நல்ல சொல். ஆளைக் காப்பாற்றும், கேட்கிறவரையும் பயமுறுத்தாது.

"ராதர் பேட், சார்."

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைய சாக்கை நிறுத்திவிடலாம்," என்றார் தொரை. "பிறகு நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். கொழும்புக்குப் போனதை என்ன செய்வது? அந்த ரிப்போட் வந்தால் கட்டத்தில் என்ன எழுதுவாய்?"

"ஒன்றும் செய்யவில்லை என்று எழுதணும் சார். இப்ப நேரம் சரியாத்தான் இருக்கு. இனிமே கை வச்சா திரும்பவும் கெட்டுப்போகும்."

"ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிய டீமேக்கரை நான் இதுவரை பார்க்கவில்லை."

"நான் இன்னும் டீமேக்கர் ஆகல சார்."

தொரை அதற்குச் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "இன்னும் மூன்று ரிப்போட் பார்ப்போம்," என்றார். அது ஆமாவா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தரணிதரனுக்குத் தைரியம் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

வீட்டு வாசலில் ஜெயந்தினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பக்கெட்டுத் தண்ணீர். கன்றுகள் எங்கேயோ கேட்டு வாங்கியவை, வேரில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே அவள் கை நின்றுவிட்டது.

"கையெழுத்து வைக்கலையா?"

நடந்ததை அவன் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் குந்தியபடியே இருந்தாள். பிறகு ஒரேயடியாக வெடித்தாள்.

"யாரு ஒங்கள வாயத் தொறக்கச் சொன்னா? அவரா கேட்டாரு? கூப்பிட்டுக் குடுக்கிறத வாங்கிட்டு வர வேண்டியதுதானே! புள்ளைய மறுபடி டயகமவுக்கு இழுத்துட்டுப் போகவா? நான் எத்தன பேருகிட்ட கெஞ்சி இந்த மாத்தத்த வாங்கினேன், தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லலைன்னா அடுத்த கெழம லெட்சுமி பேர எழுதியிருப்பேன் ஜெயந்தினி. சத்தியமா எழுதியிருப்பேன். எழுதறதுக்கு மனசு தயாராயிருச்சு."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவனுக்கு அவளைத் தொடவும் பயமாக இருந்தது, அங்கிருந்து போகவும் முடியவில்லை. சேற்றில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"யாருக்கு?"

"லெட்சுமிக்கு."

"இல்ல. சொல்லல."

"சொல்லாதீங்க." புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மண் ஆயிற்று. "இடுப்பு ஒடஞ்சவ. தெரிஞ்சா மூணு ரிப்போட்டு வர்ற வரைக்கும் பயந்தே செத்துருவா. நம்ம ரெண்டு பேரும் பயந்தாப் போதும்."

ஒரு கன்றை எடுத்து, சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக் குழியில் வைத்தாள். "புடிங்க," என்றாள். தரணிதரன் குந்தி உட்கார்ந்து, அது சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.